கொழும்பு மொட்டை மாடியிலிருந்து வியாழனைப் படமெடுக்க எங்கிருந்து தொடங்குவது?

கொட்டாஞ்சேனை கயல் | சனி, இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். போன கிழமை பாவித்த தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். 130 மில்லிமீற்றர் கண்ணாடி, 900 மில்லிமீற்றர் குவியத்தூரம், நியூட்டன் வகை (உள்ளே பெரிய கண்ணாடி ஒன்று, சின்னக் கண்ணாடி ஒன்று), வானத்தின் சுழற்சியோடு திருப்பக்கூடிய ஈக்யூ தாங்கி. கூடவே 25, 10 மில்லிமீற்றர் கண்வில்லைகளும் உருவத்தை 2 மடங்கு பெருப்பிக்கும் பார்லோ வில்லை ஒன்றும் தந்தார்கள்.

நேற்று எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வியாழன் தெரிந்தது. குறுக்கே இரண்டு மண்ணிறப் பட்டிகள், ஒரே கோட்டில் நாலு நிலாக்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்கவேயில்லை. ஆனால் போனைப் பிடித்துப் படமெடுத்தால் பல்ப் எரிவது போல் ஒரு வெள்ளை உருண்டைதான் வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற பட்டி போனுக்கு ஏன் தெரியவில்லை?

இரண்டாவது பிரச்சினை சனி. வளையத்தைக் காணோம். நடுவில் ஒரு ஊசியைக் குத்தி வைத்தது போல இரண்டு பக்கமும் மெல்லிய கோடு. கண்ணாடி பழுதா?

கடைசியாக, விசாரிக்கப் போன ஒரு கடையில், "கொழும்பு வெளிச்சத்தில் ஒன்றும் எடுக்க முடியாது, நுவரெலியாவுக்குப் போக வேணும்" என்றார்கள். உண்மையா? தனிக் கமரா வாங்கக் காசு சேர்க்கட்டுமா, அல்லது போனே போதுமா?

தெஹிவளை மேல்வீடு | ஞாயிறு, காலை 6.40

வாங்கோ தங்கச்சி. சரியான மாதத்தில் வந்திருக்கிறீர்கள். இந்த 2026 ஜனவரி 10ஆம் திகதிதான் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்தது. 13 மாதத்துக்கு ஒரு முறைதான் இப்படி நமக்குக் கிட்ட வரும். இப்போது இரவு 9 மணிக்குக் கிழக்கில் பாதி உயரம், நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சி.

முதலில் சனி. உங்கள் கண்ணாடியில் ஒரு பழுதும் இல்லை. சனியின் வளையத்தை ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒரு தடவை நாம் விளிம்புப் பக்கமாகப் பார்க்கிறோம். 2025 மார்ச்சில் அது நடந்தது. இன்னும் நன்றாகத் திரும்பவில்லை, அதுதான் ஊசி. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக விரியும், 2032 அளவில் முழுதாகத் திறந்து நிற்கும். இந்த ஊசி வளையத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். இனி இப்படிப் பார்க்க நீண்ட நாள் காத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைக்காரர் சொன்னது. நட்சத்திரக் கூட்டமும் நெபுலாவும் எடுக்க வேண்டுமென்றால் அவர் சொன்னது சரி. கோள்களுக்கு அது பொருந்தாது. வியாழன் சூரிய வெளிச்சம் பட்டு மின்னுகிற பொருள். அங்கே விழுகிற வெயில் இங்கே விழுவதில் 27இல் ஒரு பங்குதான், ஆனாலும் அது வெயில். காலி வீதி விளக்குகளால் அதை மறைக்க முடியாது. கோள் படத்தைக் கெடுப்பது காற்று, வெளிச்சமில்லை.

காற்று விஷயத்தில் கொழும்பு கொடுத்து வைத்த இடம். நாம் 7 பாகை வடக்கில் இருக்கிறோம். கோள்கள் நம் தலைக்கு மேலால் போகின்றன. இந்த மாதம் வியாழன் அடிவானத்திலிருந்து 75 பாகை வரை ஏறுகிறது. லண்டன்காரருக்கு அது ஒருநாளும் அந்த உயரத்துக்கு வராது. கோள் எவ்வளவு மேலே நிற்கிறதோ, அதன் வெளிச்சம் அவ்வளவு குறைந்த காற்றைக் கடந்து வருகிறது.

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ என்று ஒருவர் இருக்கிறார். செபு 10 பாகை வடக்கு, நம்மைப் போலவே கடலோரம், வெக்கை, புழுக்கம், நகர வெளிச்சம். 2006 பெப்ரவரியில் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். கொழும்பில் முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அவருடைய ஞாபகம்தான் வரும்.

கமரா இப்போது வேண்டாம். காசைப் பத்திரமாக வையுங்கள். ஏன் என்று பின்னேரம் எழுதுகிறேன்.

மட்டக்குளி மாணவன் | ஞாயிறு, காலை 9.15

அக்கா, நான் ஏஎல் படிக்கிறேன், என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. அந்த வெள்ளை உருண்டை எனக்கும் வந்தது. போன் படம் முழுவதும் கறுப்பு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டி விடுகிறது. அதனால்தான் வியாழன் எரிந்து போகிறது.

ஸ்கிரீனில் வியாழன் மேல் விரலை வைத்து அமத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சூரியன் அடையாளத்தைக் கீழே இழுங்கள், பட்டி தெரியும் வரைக்கும். அப்போது நிலாக்கள் மறைந்து விடும். பரவாயில்லை. இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் எடுக்க முடியாது. நிலாக்களுக்கு வேறாக ஒன்று எடுத்துப் பிறகு சேர்க்கலாம்.

போனைக் கையால் பிடிக்க வேண்டாம். கண்வில்லையில் இறுக்குகிற போன் பிடி விற்கிறார்கள். நான் முதலில் பிளாஸ்டிக் போத்தல் மூடியை வெட்டி, போன் கவரில் ஒட்டித்தான் செய்தேன். அதுவே இரண்டு மாதம் ஓடியது.

முக்கியமான விஷயம்: படம் எடுக்காதீர்கள், வீடியோ எடுங்கள். 60 ஃபிரேம் வேகம் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனை கயல் | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, நூறு நன்றி. பட்டி தெரிந்து விட்டது! கீழ்ப் பட்டியில் ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருப்பது கூடத் தெரிகிறது.

ஆனால் வீடியோவைப் பார்த்தால் தண்ணிக்கு அடியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பது போல் ஆடுகிறது. ஒரு நொடி தெளிவு, அடுத்த நொடி கரைந்து போகிறது. அதோடு வெளியே கொண்டு வந்து பத்து நிமிடத்தில் எல்லாம் மங்கிப் போனது. டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்வில்லை முழுக்கப் புகார். ஏசி அறையில் இருந்த சாமான்கள். துடைக்கப் போனேன், அம்மா சத்தம் போட்டதால் விட்டு விட்டேன்.

தெஹிவளை மேல்வீடு | ஞாயிறு, இரவு 11.30

அம்மா சொன்னது சரி. ஈரக் கண்ணாடியை ஒருநாளும் துடைக்காதீர்கள். தூசியோடு சேர்ந்து கோடு விழும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வேர்க்கிறதே, அதேதான் இது. ஏசியில் குளிர்ந்திருந்த கண்ணாடியை கொழும்பின் ஈரக் காற்றுக்குள் கொண்டு வந்தால் உடனே வேர்க்கும். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சூடான வீட்டிலிருந்து குளிருக்குள் கொண்டு போகிற பிரச்சினை, நமக்குத் தலைகீழ். தொலைநோக்கியை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். கண்வில்லைகளை மூடியோடு ஒரு மணித்தியாலம் முன்னமே வெளியே எடுத்து வைத்தால் போதும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். நான் இதைக் கவனிக்காமல் விட்ட ஒரு கண்வில்லைக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்தது. 12 வருடம் வைத்திருந்தது. இப்போதும் மனசு கேட்பதில்லை.

அடுத்தது அந்த ஆட்டம். அது இரண்டு விதமாக வரும். உயரத்துக் காற்றில் வருவதை நாம் ஒன்றும் செய்ய முடியாது. கீழே, நம் காலடியில் வருவதை நிறையக் குறைக்கலாம். பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீட் தளம் இரவு பத்து மணி வரைக்கும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டுக் காற்று தொலைநோக்கிக்கு முன்னால் ஏறும்போது படம் கரைகிறது. ஏசி வெளிப்பெட்டிகளுக்கு மேலாகவோ, பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலாகவோ குறி வைக்காதீர்கள். நுளம்புச் சுருளைக் காற்று வருகிற பக்கம் கொளுத்த வேண்டாம். உங்களுக்கு நல்ல நேரம் 11 மணிக்குப் பிறகு. வியாழனும் அப்போதுதான் உச்சியில்.

மூன்றாவது, கண்ணாடிகளை நேராக்குவது. பாவித்த நியூட்டன் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு இதில்தான் கோளாறு இருக்கும். உச்சியில் நிற்கிற ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 10 மில்லிமீற்றரில் நடுவில் வையுங்கள். ஃபோகஸை மெல்ல வெளியே திருப்பினால் அது வட்டம் வட்டமாக விரியும், குளத்தில் கல் போட்டது போல. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அது சின்னக் கண்ணாடியின் நிழல். அந்தப் புள்ளி வட்டங்களின் நடுவில் இருந்தால் எல்லாம் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் குழாயின் பின்பக்கம் பாருங்கள். ஆறு திருகாணி இருக்கும், மூன்று திருப்ப, மூன்று இறுக்க. இறுக்குவதைத் தளர்த்தி விட்டுத் திருப்புவதில் ஒன்றை எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி, நட்சத்திரத்தைத் திரும்ப நடுவுக்குக் கொண்டு வந்து பாருங்கள். பிழையான பக்கம் போனால் எதிர்ப்பக்கம். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போகும். அதன் பிறகு ஐந்து நிமிட வேலை.

நான் கமரா வாங்கச் சொல்லாததற்குக் காரணம் இதுதான். கோணலாக நிற்கும் கண்ணாடியோடு எந்தக் கமராவைப் பூட்டினாலும் மங்கல் வியாழன்தான் வரும். அந்த ஒரு மணித்தியாலம் எந்தக் கமராவையும் விடப் பெறுமதியானது.

மருதானை நானா | திங்கள், காலை 8.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் லெப்டொப் திருத்துகிற ஆள், எனவே கணினிப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தங்கச்சி, ஒரு நொடி தெளிவு, அடுத்த நொடி கரைந்து போகிறது என்றீர்களே, அந்தத் தெளிவான நொடிகளைப் பொறுக்கியெடுத்து அடுக்குவதுதான் இந்தக் கலை முழுவதும். 60 ஃபிரேம் வேகத்தில் இரண்டு நிமிடம் எடுத்தால் 7,200 படம். அதில் நல்லது 1,500 இருந்தாலே போதும். 1,500 படத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் புள்ளிப் புள்ளியாகத் தெரிகிற இரைச்சல் கிட்டத்தட்ட 40 மடங்கு குறையும். தனிப்படத்தில் ஒளிந்து கிடந்த பட்டி, சுழல் எல்லாம் அப்போது மேலே வரும்.

எல்லா மென்பொருளும் இலவசம். முதலில் பிப். அது போன் வீடியோவைத் திறந்து, கோளை ஒவ்வொரு ஃபிரேமிலும் நடுவுக்குக் கொண்டு வந்து வெட்டித் தரும். பிறகு ஓட்டோஸ்டாக்கர்ட். அது தெளிவைப் பார்த்து ஃபிரேம்களை வரிசைப்படுத்தும். நல்ல 20 வீதத்தை எடுத்து அடுக்கச் சொல்லுங்கள். ஆட்டம் கூடின நாளில் 10 வீதம். வெளியே வருகிற படம் மங்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதை ரெஜிஸ்டாக்ஸில் போட்டு, தெளிவைக் கூட்டுகிற வேவ்லெட் என்ற ஆறு கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்துங்கள். முதல் தடவை அந்தக் கம்பியை இழுத்தபோது, மங்கல் உருண்டைக்குள்ளிருந்து பட்டியின் ஓரச் சுருள்கள் எழும்பி வந்ததைப் பார்த்துக் கடையில் வேலையை நிறுத்தி விட்டு எல்லோரையும் கூப்பிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. கூட இழுத்தால் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி வளையங்கள் வரும். அது வியாழனில் இல்லாதது. அங்கே நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

ஹட்டன் மலைக்காரன் | திங்கள், பகல் 1.05

வேலைக்காகப் பம்பலப்பிட்டியில் தங்கியிருக்கிறேன். மேல்வீட்டு அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. எங்கள் ஊரில் மழை விட்ட இரவில் வியாழனைப் பார்த்தால் கண்ணாடியில் செதுக்கியது போல் இருக்கும். கொழும்பில் அப்படி ஒரு இரவு எனக்கு வாய்க்கவில்லை. கொழும்பே போதும் என்று சொல்வது சரியா?

தெஹிவளை மேல்வீடு | திங்கள், மாலை 5.50

நியாயமான கேள்வி தம்பி. மலையில் காற்று தெளிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் தெளிவு வேறு, அசையாமல் நிற்பது வேறு. நட்சத்திரம் பளபளவென்று மின்னுகிற கறுப்பு வானம் பார்க்க வடிவு, படத்துக்குக் கூடாது. மின்னுவது என்றாலே காற்று கலங்குகிறது என்று அர்த்தம். கொழும்பில் லேசான புகார் மூடி, நட்சத்திரம் மங்கலாக, ஆனால் மின்னாமல் நிற்கிற இரவுகள் உண்டு. என்னுடைய நல்ல படங்களெல்லாம் அப்படியான இரவில் எடுத்தவை. நீங்கள் சொன்ன மழை விட்ட இரவில் காற்றும் அசையாமல் நின்றிருக்கும். அப்படிக் கிடைத்தால் மலை கொழும்பை வெல்லும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கயல் தங்கச்சி மாதத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போக முடியுமா, தினமும் மாடிப்படி ஏற முடியுமா? நல்ல காற்று சொல்லிவிட்டு வராது. நாம் அங்கே நிற்கிற இரவில்தான் அது அகப்படும். கொழும்பில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் ஓரளவு திறந்திருக்கும். மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் முகில்தான்.

ஹட்டன் மலைக்காரன் | திங்கள், இரவு 7.10

சரி அண்ணா, மின்னுவதை வைத்துப் பார்க்கலாம் என்று யோசித்ததில்லை. இன்றிரவு கவனிக்கிறேன்.

கொட்டாஞ்சேனை கயல் | செவ்வாய், இரவு 9.30

இரண்டு கேள்வி. ஈக்யூ தாங்கியை நம் அகலாங்கான 7 பாகைக்குச் சாய்த்தால் பாரம் தொங்குகிற தண்டு முக்காலியின் காலில் முட்டுகிறது. இன்னொன்று, நானா, இரண்டு நிமிடம் ஏன்? பத்து நிமிடம் எடுத்தால் இன்னும் நிறையப் படம் கிடைக்காதா?

தெஹிவளை மேல்வீடு | செவ்வாய், இரவு 10.15

அந்தத் தாங்கி உயர்ந்த அகலாங்கு நாடுகளை நினைத்துச் செய்தது. வடக்கில் இருக்கும் காலைச் சில அங்குலம் குறைத்து வையுங்கள், முழுத் தாங்கியும் வடக்குப் பக்கம் சாயும், அந்த அளவுக்குத் தலையைக் குறைவாகச் சாய்த்தால் போதும். பாரம் ஒரு பக்கம் போவதால் கவிழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் காலுக்கு மணல் பை கட்டுகிறேன். துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம், இங்கே அது 7 பாகை உயரத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் கிடக்கும். போன் திசைகாட்டியில் வடக்குப் பார்த்து வைத்தால் கோளுக்குப் போதும்.

அது சரிவராத நாளில் தாங்கியைத் தொடாமலே எடுக்கலாம். வானம் ஒரு செக்கனில் 15 விற்செக்கன் நகர்கிறது (ஒரு விற்செக்கன் என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). வியாழனை ஓரத்தில் வைத்து விட்டுக் கையை எடுத்து விடுங்கள். அதுவாக மெல்ல நகர்ந்து மற்ற ஓரத்துக்குப் போகும். திரும்பக் கொண்டு வாருங்கள், திரும்ப எடுங்கள். நகர்ந்ததை பிப் நடுவுக்குக் கொண்டு வந்துவிடும். கை படாததால் நடுக்கமும் இல்லை.

மருதானை நானா | செவ்வாய், இரவு 10.40

பத்து நிமிடம் கூடாது, வியாழன் சுழல்கிறது. அவ்வளவு பெரிய கோள் 9 மணி 55 நிமிடச் சொச்சத்தில் ஒரு சுற்று முடித்து விடும். கணக்குப் பாருங்கள். இப்போது அதன் குறுக்களவு 46 விற்செக்கன். 40 வியாழனை வரிசையாக வைத்தால்தான் நம் நிலாவின் அகலம். நடுவில் இருக்கிற ஒரு புள்ளி ஒரு நிமிடத்தில் கால் விற்செக்கன் நகரும். உங்கள் 130 மில்லிமீற்றர் கண்ணாடியால் பிரித்துக் காட்ட முடிந்தது ஏறக்குறைய 0.9 விற்செக்கன். ஆகவே மூன்று நிமிடம் வரைக்கும் ஒன்றும் தெரியாது, அதற்கு மேல் போனால் சுழல்கள் இழுபட்டுப் போகும். பத்து நிமிடம் இருந்தால் இரண்டு நிமிட வீடியோ நாலு எடுத்து, நல்லதைத் தெரிவு செய்யுங்கள்.

மட்டக்குளி மாணவன் | புதன், பிற்பகல் 3.25

நானா, அண்ணா, பிற்காலத்தில் கமரா வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? எனக்கும் ஆசை.

தெஹிவளை மேல்வீடு | புதன், இரவு 8.05

பெரிய டிஎஸ்எல்ஆர் தேவையில்லை தம்பி. கோளுக்கென்று விரல் நீளத்தில் சின்னக் கமரா இருக்கிறது, கண்வில்லை போகும் துளையிலேயே செருகலாம். ஏஎஸ்ஐ 224 போன்றவை. சென்சர் சின்னது, ஆனால் வேகமும் உணர்திறனும் கூட. நடுவில் 640க்கு 480 அளவு மட்டும் வெட்டி எடுத்தால் செக்கனுக்கு நூற்றுக்கு மேல் ஃபிரேம் ஓடும். போன் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது நுண்ணிய விபரம் போய்விடும், இது சுருக்காது. பெரிய வித்தியாசம் அதில்தான். பதிவு செய்ய ஃபயர்கப்சர் அல்லது ஷார்ப்கேப் மென்பொருள்.

பார்லோ எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சென்சரின் ஒரு புள்ளி எத்தனை மைக்ரோன் என்று பார்த்து 5ஆல் பெருக்குங்கள். 3.75 மைக்ரோன் என்றால் ஏறக்குறைய 19. குவியத்தூரத்தைக் கண்ணாடியின் அகலத்தால் பிரித்தால் அந்த எண் வர வேண்டும். கயலுடையது 900ஐ 130ஆல் பிரித்தால் 7. 2 மடங்கு பார்லோவோடு 14. கொஞ்சம் குறைவு, ஆனால் தொடங்க நல்ல இடம். பெட்டியில் 500 மடங்கு, 600 மடங்கு என்று போட்டிருப்பதை நம்பி அந்த 19க்கும் மேலே போய்ப் பெருப்பித்தால் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

வெள்ளியை எடுக்கும் ஆசையும் பிறகு வரும். சூரியன் முழுதாக மறைந்த பிறகு மட்டும் தொலைநோக்கியைத் திருப்புங்கள். சூரியன் ஒரு கணம் உள்ளே விழுந்தாலும் கண் போய் விடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பகலில் மூடியைக் கழற்றவே வேண்டாம்.

கொட்டாஞ்சேனை கயல் | வெள்ளி, அதிகாலை 12.50

எல்லோரும் தூங்கியிருப்பீர்கள், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று முன்தினம் கண்ணாடியை நேராக்கினேன். கறுப்புப் புள்ளி நன்றாக ஒதுங்கித்தான் இருந்தது. நாற்பது நிமிடம் எடுத்தது, கதிரையில் ஏறி இறங்கிக் கால் வலித்தது. கடைசித் திருப்பத்தில் புள்ளி நடுவுக்கு வந்து நின்றபோது நட்சத்திரமே வேறு மாதிரித் தெரிந்தது.

இன்றிரவு 11 மணிக்கு மேலே போனேன். எங்கள் காவலாளி ஐயாவும் வந்தார். நட்சத்திரங்கள் மின்னவேயில்லை. பார்லோ, 10 மில்லிமீற்றர், போன், இரண்டு நிமிடமாக ஆறு வீடியோ. இப்போதுதான் மூன்றாவதை அடுக்கி முடித்தேன். பட்டிகள் இரண்டில்லை, நாலு தெரிகின்றன. தெற்குப் பட்டியின் ஓரத்தில், விளிம்புக்குக் கிட்ட, வெளிர் செம்மஞ்சளில் ஒரு முட்டை வடிவம். வீடியோவில் அது இருக்கவேயில்லை. கம்பியை நகர்த்த நகர்த்த எழும்பி வந்தது. படத்தை இணைத்திருக்கிறேன். இது அதுதானா?

தெஹிவளை மேல்வீடு | வெள்ளி, காலை 5.55

அதுதான். பெரிய சிவப்புப் புள்ளி. நம் பூமியே உள்ளே விழக்கூடிய புயல், கொட்டாஞ்சேனை மொட்டை மாடியிலிருந்து, போனில். படத்தைக் காலையில் என் மனைவிக்கும் காட்டினேன்.

நீங்கள் எடுத்த நேரத்தில் அது ஓரத்துக்குப் போய்விட்டது. நடுக்கோட்டை 9 மணி அளவில் கடந்திருக்கும். ஐந்து சுற்றுக்கு 49 மணியும் 38 நிமிடமும் ஆகும், ஆகவே நாளை சனி இரவு 10.40 அளவில் திரும்ப நடுவில் வரும். அந்த நேரம் வியாழன் நல்ல உயரத்தில். முகில் இல்லாவிட்டால் 10 மணிக்கே கண்வில்லைகளை வெளியே எடுத்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனை கயல் | வெள்ளி, காலை 7.10

10 மணிக்கு மேலே இருப்பேன் அண்ணா. காவலாளி ஐயா தன் பேத்தியையும் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறார்.